அண்ணியும் நானும் ஒரு பாட்டில் ஒயினும்

என் மகன் ஒரு சுற்றுலாக் கப்பலில் சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறான். அதற்கு முன்னால் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் இரண்டு வருஷம் கான்ட்ராக்ட் வேலை. அதற்கும் முன்னால் அவன் அப்பாவோடு பழவேற்காடு ஏரியில் வலை இழுத்தான். கப்பலில் சேர்ந்த பிறகு கடலைப் பார்ப்பதே இல்லை என்று ஒரு தடவை போனில் சொன்னான். சலவை அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதற்கு ஜன்னல் கிடையாது.

அந்தக் கப்பலில் வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வீட்டு ஆட்கள் இரண்டு பேரைக் குறைந்த கட்டணத்தில் ஏற்றிக்கொள்ளலாம். சென்னையில் ஏறினால் மூன்று ராத்திரி, நான்கு பகல். கப்பல் எந்த ஊருக்கும் போகாது. கடலுக்குள் போய்ச் சுற்றிவிட்டு, ஏறின இடத்துக்கே திரும்பி வந்துவிடும். மகன் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வலைக்கு ஈயக் குண்டு கட்டிக்கொண்டிருந்தார்.

"கடலுக்குள்ள போயிட்டு அதே எடத்துக்குத் திரும்பி வர்றதா? நான் தெனம் அதத்தான் பண்றேன். வர்றப்போ மீனாவது எடுத்தாறேன்" என்றார்.

"நைனா, சாப்பாடு ஃப்ரீ."

"சாப்பாடு இங்கயே கெடைக்குது."

அவர் வரவில்லை. அதனால் அண்ணியை அழைத்தேன்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. பழவேற்காடு மார்க்கெட்டில் முப்பது வருஷமாக மீன் விற்கிறவள். எங்கள் இரண்டு வீடும் தோணிரேவு குப்பத்தில்தான், நடுவில் நான்கு வீடுகள். நான் பால்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். அண்ணன் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. குடித்துத்தான் செத்தான். அதை மறைத்துச் சொல்ல ஊரில் யாரும் மெனக்கெடவில்லை.

அண்ணிக்கும் குடிக்கும் நடந்த சண்டை எங்கள் தெரு முழுக்கத் தெரியும். அண்ணன் மறைத்து வைத்த பாட்டில்களைத் தேடி எடுத்து ஏரியில் கொட்டுவாள். ஒரு சமயம் மீன் வெட்டும் கத்தியோடு போய் மதுக்கடை வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் இருபது பெண்கள் கத்தியோடு வந்து உட்கார்ந்தார்கள். கடையை அரை கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள். அதற்கப்புறம் அண்ணன் அரை கிலோமீட்டர் தாமதமாக வீட்டுக்கு வந்தான்.

கப்பல் ஏறும்போது மகனுக்காக எடுத்துப் போன நெத்திலிக் கருவாட்டை எக்ஸ்ரே மிஷினில் பார்த்துப் பிடித்துவிட்டார்கள். சோதனை போட்ட பெண், பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கி ஒரு ஓரமாக வைத்தாள். "வேஸ்ட் பண்ணாதம்மா, வீட்டுக்கு எடுத்துக்கினு போய் வறுத்துச் சாப்புடு" என்று அண்ணி அவளிடம் சொல்லிவிட்டு வந்தாள். உள்ளே மகன் பத்து நிமிஷம் வந்து பார்த்தான். வேலைக்கு நடுவில் ஓடி வந்திருந்தான்.

"ம்மா, சாப்பாடு எவ்ளோ வேணா சாப்புடு. டீ, காபி, தண்ணி ஃப்ரீ. கலர், ஜூஸு, சரக்கு இதெல்லாம் காசு. எவனாவது கையெழுத்து போடச் சொன்னா போடாத. அத்த, நீயும் உஷாரு."

"எனக்கு இன்னாடா, நான் தண்ணி குடிச்சிட்டுக் கெடக்கறேன்" என்றாள் அண்ணி. அப்போது அவள் உண்மையைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்களுக்குச் சாப்பாட்டு முறை. பெரிய கூடம், வெள்ளைத் துணி விரித்த மேஜை, ஆளுக்கு மூன்று முள்கரண்டி. எங்கள் மேஜையைக் கவனித்தவர் தூத்துக்குடிக்காரர். ஐம்பது வயதிருக்கும், நரைத்த மீசை. இந்திக்காரர்களுக்கு இந்தியில் பரிமாறிவிட்டு எங்களிடம் வந்து, "வாங்கக்கா, நம்ம ஊரா?" என்று கேட்டதில் எங்களுக்குப் பாதி பயம் போய்விட்டது. சாப்பாட்டு அட்டையோடு இன்னொரு மெல்லிய அட்டையும் வைத்தார். அண்ணி அதை எடுத்துத் திருப்பினாள்.

"இது இன்னா?"

"ஒயினுக்கா. திராட்சையில செய்யது. அத நீங்க கண்டுக்கிட வேண்டாம்."

அண்ணி அட்டையைத் திருப்பித் தரவில்லை. "ஒரு கிளாஸ் எவ்ளோ?" என்றாள்.

அவர் சொன்ன விலைக்கு எங்கள் ஊரில் ஒரு கிலோ நல்ல இறால் வாங்கலாம். நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

"ஒரு தடவ குடிச்சிப் பாக்கணும்" என்றாள்.

"இன்னா அண்ணி, நெஜமாவா சொல்றே?"

"இருவத்தாறு வருஷம் அந்தாளுகூட குடித்தனம் பண்ணேன். வூட்ட வுட்டுச்சு, படக வுட்டுச்சு, அத வுடல. அது இன்னா ருசின்னு எனக்குத் தெரியாது. ஊர்ல போய் வாங்கிக் குடிக்க முடியுமா? இங்க யாருக்கு என்னைத் தெரியும்?"

தூத்துக்குடிக்காரர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் பல வருஷமாகப் பலருக்கு ஒயின் ஊற்றியிருப்பார். இந்தக் காரணத்தைக் கேட்டிருக்க மாட்டார்.

அண்ணி வியாபாரத்துக்கு வந்துவிட்டாள். எது எடுத்தால் கட்டுப்படியாகும் என்று கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தி, சொந்த அக்காவிடம் சொல்வதுபோல விளக்கினார். கிளாஸ் கணக்கில் வாங்குவது நஷ்டம். முழு பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும், ஆனால் விலை நாலு கிளாஸ் விலைதான். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. மிச்சத்தை மூடி, அறை எண் எழுதி, குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் கொண்டுவந்து தருவார்கள். மேல்தளத்தில் ஒரு பையன் வந்து பேக்கேஜ் எடுங்கள் என்பான், எடுக்கக்கூடாது.

"அது இன்னா பேக்கேஜு?"

"மொத்தமா கட்டிட்டா எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம். ஆனா ஒரு நாளைக்கு ஏழு கிளாஸ் குடிச்சாத்தான் போட்ட காசு வரும்."

"ஏழா?" என்றாள் அண்ணி. கொஞ்ச நேரம் யோசித்தாள். "எங்க வூட்டுக்காரருக்கு எடுத்திருக்கலாம்."

விலைப் பட்டியலில் கீழேயிருந்து இரண்டாவதாக இருந்த சிவப்பு ஒயினைக் கொண்டுவரச் சொன்னோம். எல்லாவற்றிலும் கீழே இருந்தது வேண்டாம் என்று அவரே சொன்னார், காரணம் சொல்லவில்லை. அண்ணி சுருக்குப்பையிலிருந்து தன் காசை எடுத்து முன்கூட்டியே கொடுக்கப் பார்த்தாள். காசு வாங்க மாட்டோம், கப்பலில் ஏறும்போது தந்த அறை அட்டையில் கணக்கு ஏறிவிடும் என்றார். மகன் எங்கள் அட்டையில் கொஞ்சம் பணம் போட்டு வைத்திருந்தான். அவசரத்துக்கு, மாத்திரை கீத்திரை வாங்க. அதில்தான் கை வைத்தோம்.

பாட்டிலைத் திறந்து அண்ணியின் கிளாஸில் ஒரு வாய்க்குக்கூடக் காணாத அளவு ஊற்றிவிட்டு அவர் நிமிர்ந்து நின்றார்.

"இவ்ளோதானா?"

"இது ருசி பாக்கதுக்குக்கா. நல்லாருக்குன்னு நீங்க சொன்னாத்தான் ஊத்துவேன். கெட்டுப் போயிருந்தா திருப்பி எடுத்துட்டுப் போயிருவோம்."

"காசு கேக்க மாட்டீங்க?"

"கேக்க மாட்டோம்."

இதைக் கேட்டதும் அண்ணியின் முகமே மாறிவிட்டது. முப்பது வருஷமாக மற்றவர்கள் அவள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போயிருக்கிறார்கள். இப்போது அவள் முறை. கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டு தடவை முகர்ந்தாள். பக்கத்து மேஜையில் கோட்டுப் போட்ட ஒருவர் அவளை மரியாதையோடு கவனித்தார். பிறகு வாயில் ஊற்றி, கண்ணை மூடி, மென்றாள்.

"புளிக்குது. கெட்டுப் போச்சு."

"அது அப்படித்தான்க்கா இருக்கும்."

"அப்போ நல்லதுக்கும் கெட்டதுக்கும் இன்னா வித்தியாசம்?"

அவர் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கெட்டது இன்னும் கொஞ்சம் புளிக்கும்" என்றார்.

அன்றைக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்தோம். நாவல்பழத்தை வினிகரில் ஊறப்போட்டது மாதிரி இருந்தது. காது மடல் சூடானது. அண்ணி ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை என்று என்னிடம் சொன்னாள். அதே விஷயத்தைக் கொஞ்ச நேரம் கழித்து இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

பாட்டிலை எடுத்துப் போக அவர் வந்தபோது, "இரு" என்றாள். என் பக்கம் திரும்பி, என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, பாட்டிலில் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே ஒட்டினாள்.

"எவனாவது ஊத்திக்கினு தண்ணி கலந்துடுவான்" என்றாள்.

"இங்க அப்படி யாரும் செய்ய மாட்டாங்கக்கா."

"நீ செய்ய மாட்ட. உனக்குத் தெரியாம நடக்கும்."

நான் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறவர். நடுக்கடலில் போனுக்கு சிக்னல் இல்லை. கரைக்கு வந்ததும் முதல் வேலையாக அவருக்குப் போன் பண்ணி நன்றாக இருக்கிறாரா என்று விசாரித்தேன். ஏன் கேட்கிறாய் என்றார், சும்மாதான் என்றேன்.

மறுநாள் காலை நாஸ்டாவின்போது தூத்துக்குடிக்காரர் எங்களைத் தேடி வந்து ஒரு தகவல் சொன்னார். மதியம் மூன்று மணிக்கு ஆறாவது தளத்தில் படங்களை ஏலம் விடுவார்கள். வந்து உட்காருகிறவர்களுக்கு நுரை ஒயின் இலவசம். படம் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

"சும்மாவா குடுப்பாங்க?" என்றேன்.

"குடிச்சா கை தாராளமா தூக்கும்லாக்கா. அதுக்குத்தான்."

ஏலம் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணி நிமிர்ந்துவிட்டாள். எங்கள் கரையில் படகு வந்ததும் மீனைக் குவித்து ஏலம் விடுவார்கள். அவள் தினமும் காலையில் நிற்கிற இடம் அது. அங்கே யாரும் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். காதைச் சொறிந்தால் ஒரு கணக்கு, மூக்கைத் தொட்டால் ஒரு கணக்கு. புதிதாக வந்த ஒரு வியாபாரி வியர்வையைத் துடைக்கப் போய் ஒரு கூடை கெளுத்தியை வாங்கிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் நாங்கள் உள்ளே போகும்போதே அண்ணி எச்சரித்தாள். "ஒரு கையில கிளாஸு. இன்னொரு கைய முந்தானைக்குள்ள வெச்சிக்க. எதுக்காகவும் வெளிய எடுக்காத."

அப்படியே உட்கார்ந்தோம். ஒரு தட்டில் வறுத்த முந்திரி வைத்திருந்தார்கள். அதற்குக் கை இல்லை. ஒயின் தட்டு எங்கள் பக்கம் வந்தபோதெல்லாம் காலிக் கிளாஸை வைத்துவிட்டு நிறைந்ததை எடுத்துக்கொண்டோம். அதற்கு ஒரு கை போதும். இது முந்தின நாள் குடித்ததைவிட நன்றாக இருந்தது. சோடா மாதிரி மூக்கில் ஏறியது.

கோட்டுப் போட்ட ஒரு ஆள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மாறி மாறிப் பேசிப் படங்களைக் காட்டினார். நாலாவதாக வந்தது ஒரு பெரிய படம். கறுப்புப் பின்னணியில் ஒரு மேஜை. மேஜைமேல் பாதி உரித்த எலுமிச்சை, கவிழ்ந்து கிடக்கிற ஒயின் கிளாஸ், ஒரு நண்டு, இரண்டு மீன். டச்சுக்காரர்கள் பழைய காலத்தில் வரைந்த படத்தைப் பார்த்து அப்படியே போட்ட நகல் என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அண்ணியிடம் சொன்னேன்.

"டச்சுக்காரனா? நம்மூர்ல படுத்திருக்கானுங்களே, அவனுங்களா?"

"அவங்கதான்."

பழவேற்காட்டில் அவர்கள் கட்டின கோட்டை போய்விட்டது. கல்லறை மட்டும் இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கின எலும்புக்கூடு நிற்கும். வெளியூர்க்காரர்கள் வந்து அதோடு போட்டோ எடுத்துக்கொண்டு, அப்படியே அண்ணியிடம் நண்டு விலை கேட்டுவிட்டு வாங்காமல் போவார்கள். இந்த ஆட்கள் இங்கே என்னதான் சாப்பிட்டார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. படத்தைப் பார்த்தால் நாங்கள் சாப்பிடுவதைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள், எலுமிச்சையை மட்டும் வீணாக்கியிருக்கிறார்கள்.

அண்ணி முன்னால் சாய்ந்து படத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"நண்டு வெந்தது. அதுல குறை சொல்ல முடியாது. மீனு நேத்து புடிச்சது."

"படம் அண்ணி அது."

"கண்ணப் பாரு, உள்ள போயிருக்கு. வவுறு தளர்ந்து போச்சு. வரஞ்சவன் ரெண்டு நாள் வெச்சிருந்து வரஞ்சிருக்கான். இத எவன் வாங்குவான்?"

ஒருத்தர் வாங்கினார். ஒரு படகு எஞ்சின் வாங்கக்கூடிய தொகை. அவர் கையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அண்ணி, "அய்யோ, வாணாம்" என்று தமிழில் அவரைத் தடுத்துப் பார்த்தாள். அவருக்குக் கேட்கவில்லை. நாங்கள் ஆளுக்கு நாலு கிளாஸ் குடித்திருந்தோம். வெளியே வந்தபோது கப்பல் லேசாக ஆடியது. கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றினமாதிரி அமைதியாக இருந்தது என்று பிறகு தூத்துக்குடிக்காரர் சொன்னார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பொட்டை மட்டும் சரிபார்த்தோம். ஒயின் அந்த மட்டத்திலேயே நின்றது. அண்ணிக்கு அதில் லேசான ஏமாற்றம் இருந்ததாகத் தோன்றியது. குடிக்காமல் திருப்பி அனுப்பினோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். மேல்தளத்தில் காற்று நன்றாக இருந்தது. வெயில் சாய்ந்திருந்தது. தூத்துக்குடிக்காரரிடம் கேட்டு மிச்ச பாட்டிலை மேலேயே கொண்டுவரச் சொன்னோம். மூன்று கிளாஸ் மிச்சம். ஆளுக்கு ஒன்றரை. அண்ணி ஊற்றினால் ஒரு சொட்டுகூட ஏறக்குறைய இருக்காது. இரண்டு நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தோம்.

ஒரு கிளாஸ் முடிந்தது. பிறகு என் வாய் திறந்துகொண்டது. அதை நான் திறந்தேன் என்று சொல்ல முடியாது.

"அண்ணி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லல."

"சொல்லு."

"அண்ணன் பாட்டில எங்க வூட்லதான் ஒளிச்சி வெக்கும். நீ ஏரில கொட்டுவேன்னு. நானும் வாணாம்னு சொல்லல. கெஞ்சும். அண்ணனாச்சேன்னு வுட்டுட்டேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால வெச்சிருப்பேன்."

அண்ணி கடலைப் பார்த்துக்கொண்டே, "பின்னால இல்ல. உள்ள" என்றாள்.

மழைக்காலத்தில் டப்பாவுக்குள்தான் வைப்பேன், அரிசிக்கு அடியில். அது எனக்கே மறந்திருந்தது.

"உனக்கு எப்டித் தெரியும்?"

"நீ பால்வாடிக்குப் போனப்புறம் வருவேன். சாவிய நீ எங்க சொருவுவேன்னு எனக்குத் தெரியாதா?"

"வந்து?"

"பாதியக் கீழ ஊத்திட்டுத் தண்ணி கலந்து வெச்சிடுவேன். வெளுத்துப் போவும்ல? அதுக்கு டீத்தண்ணி கொஞ்சம் ஊத்துவேன். கலர் வந்துடும்."

"எத்தினி நாளு?"

"நாலு வருஷம்."

அந்த நாலு வருஷமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடையில் ஏமாற்றுகிறான், சரக்கு முன்னே மாதிரி இல்லை என்று அண்ணன் என்னிடம் வந்து புலம்புவான். மூன்று தடவை பிராண்டை மாற்றினான். கடைசியில் எங்கள் பக்கத்துக் கடையையே நம்பாமல் பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் போய் வாங்கிவந்தான். அதையும் எங்கள் வீட்டு அரிசி டப்பாவில்தான் வைத்தான். மறுநாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஊர் ஊருக்கு ஏமாத்துறானுங்க பாப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது என் கண் முன்னால் நிற்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அண்ணியும் சிரித்தாள். பக்கத்தில் துண்டு விரித்துப் படுத்திருந்த ஒரு பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். நாங்கள் வெகுநேரம் சிரித்தோம்.

"தண்ணி ஊத்தியும் செத்துப்போச்சு" என்றாள் அண்ணி.

அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

மிச்சம் இருந்த அரைக் கிளாஸை அவள் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். குடிக்கவில்லை. "உனக்குத் தெரியும், உங்கண்ணன் பேசாது" என்றாள். "காலைல எழுந்தா வலை, படகு, சோறு. இன்னா கேட்டாலும் ம், ஊஹூம். கல்யாணமாகி ஒரு வருஷம் அதுக்குப் பேச்சு வராதோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். குடிச்சா பேசும். எந்தப் பக்கம் மீனு வந்துச்சு, எவன் இன்னா சொன்னான், சின்ன வயசுல உன்னத் தோள்ல தூக்கினு ஏரில நடந்தது எல்லாம் சொல்லும். என் பேரச் சொல்லிக் கூப்புடும். மத்த நேரத்துல ஏய்தான்."

"அப்பால அடிக்கும்" என்றேன். அதுவும் எனக்குத் தெரியும்.

"அடிக்கும். ஆனா நடுவுல ஒரு மணி நேரம் இருக்கும். பேசினதுக்கு அப்பால, அடிக்கறதுக்கு முன்னால. நல்லாருக்கும்." கிளாஸைச் சுற்றினாள். "தண்ணி ஊத்த ஆரமிச்சப்புறம் அடி நின்னுடுச்சு. பேச்சும் நின்னுடுச்சு. கம்முனு வந்து கம்முனு படுத்துக்கும். நல்லதுன்னுதான் பண்ணேன். கீழ ஊத்தின பாதில எது போச்சுன்னு பாக்கல."

நீ பண்ணினது சரிதான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மீன் செதில் சீவிச் சீவிக் காய்த்துப்போன கை. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அரைக் கிளாஸையும் ஒரே மடக்கில் குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுல ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் சூடு, கொஞ்சம் தைரியம். என்கிட்ட பேசறதுக்கு அந்தாளுக்கு இது வேண்டியிருந்துச்சா?" என்றாள்.

அதற்கப்புறம் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்துக்கு எழுப்பினேன். முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வந்தாள். தூத்துக்குடிக்காரர் மெல்லிய அட்டையை எடுத்துக்கொண்டே வந்தார். அண்ணி வேண்டாம் என்று கை காட்டினாள். கோழியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம், ஐஸ்கிரீம் இரண்டு தடவை வாங்கினோம். எழுந்திருக்கும்போது அவரிடம், "லீவுல பழவேற்காட்டுக்கு வா. குடும்பத்தக் கூட்டியா. நண்டு ஆக்கிப் போடறேன். நல்ல மீனு எப்டி இருக்கும்னு காட்டறேன்" என்றாள். வருகிறேன் என்றார். எங்கள் தெருவுக்கு வழியும் போன் நம்பரும் கேட்டு எழுதிக்கொண்டார். இதுவரை வரவில்லை, ஆனால் பொங்கலுக்குப் போன் பண்ணினார்.

நாலாம் நாள் காலை, இறங்குகிற வரிசையில் நின்றபோது மகன் ஓடி வந்தான். கைகள் சோப்பில் ஊறி வெளுத்திருந்தன.

"ம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒயின் குடிச்சீங்களாமே? கப்பல் ஃபுல்லா பேச்சு."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி மேலே கூரையைப் பார்த்தாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வாணாம். எல்லா மேஜைத் துணியும் என்கிட்டதான் வருது. ஒவ்வொண்ணும் ஒயின் கறை. ஊற வெச்சித் தேய்க்கணும். ஒரு துணி மட்டும் மூணு நாளா பளிச்சினு வந்துச்சு. ஒரு சொட்டு கறை இல்ல. எந்த மேஜைனு எங்க சூப்பர்வைசர் போய் விசாரிச்சாரு. உங்க மேஜை. அதுவும் ஒயின் பாட்டில் வாங்கின மேஜையாம்."

"காசு குடுத்து வாங்கினத எவனாவது துணிக்கு ஊத்துவானா?" என்றாள் அண்ணி.

அவன் சிரித்தான். அவன் தோளைப் பிடித்து அண்ணி கிட்ட இழுத்து, "நீ குடிக்கிறியாடா?" என்று கேட்டாள். இல்லை என்றான். அவள் அவன் வாயை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்.

துறைமுகத்திலிருந்து வீடு வந்து சேர மதியமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவரே சமைத்தது. "கடல் எப்டி இருந்துச்சு?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். சரியாகப் பார்க்கவில்லை என்றேன். அவர் அதில் ஆச்சரியப்படவில்லை.

அண்ணி மறுநாள் விடிகாலை கரையில் ஏலத்துக்கு நின்றாள். கப்பலில் என்ன பண்ணினீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "துன்னோம், தூங்கினோம்" என்று சொன்னாள். நானும் அதையே சொன்னேன். நாங்கள் கலந்து பேசிக்கொண்டு சொல்லவில்லை.

ஒரு விஷயம் மட்டும் மாறியிருக்கிறது. இந்த ஐந்து வருஷமும் நாங்கள் இரண்டு பேரும் அண்ணனைப் பற்றிப் பேசினதில்லை. அவள் எனக்காகவும் நான் அவளுக்காகவும் பேசாமல் இருந்தோம் என்று நினைக்கிறேன். இப்போது மார்க்கெட் முடிந்து போகிற வழியில் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வருகிறாள். டீ போடுகிறேன். அண்ணனைப் பற்றிப் பேசுகிறோம். பெரும்பாலும் திட்டுதான். அவள் விட்ட இடத்தில் நான் திட்டுவேன்.

போன வாரம் கேட்காமலே ஒன்று சொன்னாள். கல்யாணமான புதிதில் அண்ணன் அவளைத் தோணியில் உட்காரவைத்துப் பசியாவரம் தீவு தாண்டிப் பூநாரை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனானாம். காலையில் போனவர்கள் மதியம்வரை காத்திருந்தார்களாம். ஒரு பறவைகூட வரவில்லையாம். நல்ல வெயிலாம்.

"அன்னிக்குக் குடிச்சிருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்போ ஒண்ணும் பேசியிருக்காது."

"பேசல" என்றாள் அண்ணி. "தலைல கட்டியிருந்த துண்ட அவுத்து, தண்ணில நனைச்சி, என் தலைமேல போட்டுச்சு. அவ்ளோதான்."

டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.